கடைசிக் குண்டூசி

பால் உறிஞ்சும் குழாயைத் தொட்டியில் மாட்டிய கையோடு, பண்ணைக்காரம்மாவின் பக்கம் இடது காதைத் திருப்புகிறார் ஐலேவ். வலது காதை வண்டிச் சத்தம் எப்போதோ தின்றுவிட்டது. "உங்க எடத்துப் பேரை இன்னொரு தரம் சொல்லு. மெதுவா!" அவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். "கடைசியில ஒரு இழுப்பு இழுக்கறே பாரு, அங்கதான் விஷயமே இருக்கு!" என்று பூரித்துப்போகிறார்.

எங்கள் பள்ளத்தாக்கில் பால் வண்டி ஓட்டும் இந்த மனிதருக்குப் பெயர்ப்பலகை என்றாலே ஆகாது. "போர்டு எழுதினவனுக்குக் காது ஏது? ஊர்க்காரன் நாக்குல இருக்கறதுதான் பேரு" என்பார். எங்கள் பழங்காலத்துத் தெய்வமான ஓடின், சாமியாவதற்கு முன் மனிதனாக இருந்தான் என்பது அவர் கட்சி. கிழக்கே தோன் நதிக்கரையிலிருந்து கூட்டத்தோடு கிளம்பி, டென்மார்க் வழியாக எங்கள் நார்வேக்கு நடந்து வந்தானாம். தங்கிய இடத்திலெல்லாம் பெயரை விட்டுவிட்டுப் போனானாம். சமையலறைச் சுவரில் பெரிய வரைபடம், வழிநெடுகக் குண்டூசிகள், அவற்றைக் கோத்து ஒரு சிவப்புக் கம்பளி நூல். நூல், மனைவி சிக்னேயின் பின்னல் கூடையிலிருந்து சுட்டது. அது முடிவது எங்கே என்கிறீர்கள்? அவருடைய சொந்தப் பண்ணையில்! ஓன்ஸ்தா. அதாவது ஓடினின் இடம்.

"அவ்வளவு தூரம் நடந்து வந்தவன் உன் மாட்டுத் தொழுவத்துலயா வந்து படுத்தான்?" என்று பக்கத்துப் பண்ணைக்காரனான நான் சீண்டுவேன்.

"பின்னே? உன் மூஞ்சியப் பாத்துட்டு உன் வீட்டுலயா தங்குவான்?"

ஆனால் ஒரு சங்கடம். வரைபடத்தின் முன்னால் ஓன்ஸ்தா என்கிறவர், அவசரத்தில் பால் ஆலைக்குப் போன் போட்டால், "ஒம்னஸ்தாலேர்ந்து கிளம்பிட்டேன்" என்பார். ஒம்ன் என்றால் எங்கள் பேச்சில் அடுப்பு. சிக்னேயும் நானும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம்; வாயைத் திறந்ததில்லை. பாவம், அவருக்கு இருக்கிற சந்தோஷம் அது ஒன்றுதான்.

போன வாரம் இடப்பெயர் அலுவலகத்திலிருந்து தூரீது என்ற பெண் வந்தாள். பண்ணைக்குப் புதுப் பலகை வைக்கிறார்களாம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர் வாயில் எப்படி வருகிறதோ, அப்படித்தான் எழுதுவார்களாம். சிக்னே வாழ வந்தவள். அவள் நாக்கு கணக்கில் வராது. ஐலேவ் ஓன்ஸ்தா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓடின் பலகையில் ஏறிவிடுவான். யார் மறுக்கப்போகிறார்கள்?

வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்த சிக்னே கையை நிறுத்தினாள். நான் காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன். ஐலேவ் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டே இருந்தார். தட்டில் அது குவிந்துகொண்டே போனது.

"பேரைச் சொல்லுங்க, ஐலேவ்."

"ஒம்னஸ்தா" என்றார். "அடுப்பு இருந்த எடம். மரத்துலேர்ந்து தார் காய்ச்சியிருப்பாங்க."

"நிச்சயமா?"

"நாக்கு அப்படித்தான் சொல்லுது. நான் என்ன பண்ண?"

"ஐயோ, மனுஷா!" என்றாள் சிக்னே. அவள் குரல் உடைந்திருந்தது.

ஐலேவ் எழுந்துபோய்க் கடைசிக் குண்டூசியைப் பிடுங்கினார். நூல் துவண்டு தொங்கியது. பிறகு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே மேஜைக்குத் திரும்பி வந்தார்.

"ஆமா, நீ எந்தப் பண்ணைப் பொண்ணு? போர்டுல இருக்கறது வேணாம், உங்க வீட்டுல சொல்ற மாதிரி சொல்லு. மெதுவா!" என்று தூரீதின் பக்கம் இடது காதைத் திருப்பினார்.