சர்ச்சுக்கு ஆள் கூப்பிடப் போயி நண்டு வித்த கதை

இன்னைக்குக் காலையில, சர்ச் நடக்குற நேரத்துல, நான் கோட்டைக்குப்பம் கரையில நண்டு வித்துக்கிட்டு இருந்தேன்!

(நான் டைலருங்க. நண்டைக் குழம்புல மட்டும்தான் பழக்கம்.)

எங்க சபை ரொம்பச் சின்னது. ஆள் சேரலன்னா டவுன் சபையோட சேத்துடுவாங்கன்னு பேச்சு. அப்புறம் ரெண்டு பஸ் மாறிப் போவணும்.

"ஆளுக்கு ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வாங்க"ன்னு பாஸ்டர் சொல்லிட்டாரு.

நானும் ஜாக்கெட் வாங்க வந்தவங்களை எல்லாம் கூப்பிட்டேன். அத்தனை பேரும் "வரேன்"னாங்க. (ஜாக்கெட் கைக்கு வர்ற வரைக்கும் அப்படித்தான் சொல்வாங்க!)

நாலு வாரமா ஒருத்தரும் வரல. பாஸ்டர் வாசலை எட்டி எட்டிப் பாப்பாரு. நான் பைபிளுக்குள்ள மூஞ்சியை மறைச்சுக்குவேன்.

நேத்து, நண்டு விக்கிற கன்னியம்மாக்காவைப் புடிச்சுக் கேட்டே விட்டேன்.

"இன்னாக்கா, வரேன் வரேன்னு சொல்லி ஏமாத்துறியே?"

"அடியே டைலரு, மெட்ராஸ் காருங்க பூரா ஞாயித்துக்கெழம காலையிலதான் வருது. கூடைய யாரு பாப்பா, உங்க பாஸ்டரா?"

கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே ஊர்லதான் இருக்கேன். இது எனக்குத் தோணவே இல்ல. வெக்கமா போச்சு.

அக்கா குரல் எறங்கிடுச்சு. "பொண்ணுக்கு இது பிரசவ மாசம். பயமா கீது. ஒரு தபா வந்து உக்காந்து கும்புட்டா மனசு லேசாவும். எங்க அம்மன் ஒண்ணும் கோச்சுக்க மாட்டா."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வாய் சும்மா இருக்குமா?

"நீ போயிட்டு வாக்கா. கூடைய நான் பாத்துக்கறேன்!"

அப்படித்தான் இன்னைக்குக் கரைக்கு வந்து சேர்ந்தேன்.

ஒரு நண்டுக்குக் கட்டு அவுந்துடுச்சு. பையில இருந்த தையல் நூலை எடுத்து, ஜாக்கெட் ஹூக்குக்குப் போடுற முடிச்சைப் போட்டேன். அஞ்சே நிமிஷம்! நூலை அறுத்துக்கிட்டு மெட்ராஸ் சார் ஒருத்தரோட ஷூ மேல ஏறிடுச்சு. அவர் கத்துன கத்து சர்ச் வரைக்கும் கேட்டிருக்கும்.

சர்ச் முடிஞ்சு அக்கா வந்தாங்க. கண்ணு செவந்திருந்தது, ஆனா மொகத்துல சிரிப்பு.

"உங்க பாஸ்டரு எம் பொண்ணு பேரைச் சொல்லி ஜெபம் பண்ணாரும்மே!"

அதுக்குள்ள பாஸ்டர்கிட்டேருந்து போன். கையெல்லாம் நண்டுத் தண்ணி, ஸ்பீக்கர்ல போட்டேன்.

"சிஸ்டர், புதுசா ஒருத்தர் வந்தாங்க, ஸ்தோத்திரம்! ஆனா எண்ணிப் பாத்தா போன வாரக் கணக்குதான் வருது. நீங்க எங்க?"

"நண்டு விக்கிறேன் பாஸ்டர்."

"என்னது, நண்டா?"

அக்கா போன்கிட்ட குனிஞ்சாங்க.

"ஐயா, சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் எங்க கூடைங்க காலி. அப்ப உங்க சாமி இருக்க மாட்டாரா?"

ஆகவே மக்களே, அடுத்த ஞாயித்துக்கெழமையிலேருந்து எங்க சபையில ஆராதனை சாயங்காலம் நாலு மணிக்கு. கரையில இப்பவே ஏழு பேரு வரேன்னு சொல்லியிருக்காங்க. (யாருக்கும் என்கிட்ட ஜாக்கெட் பாக்கி இல்ல, செக் பண்ணிட்டேன்.)

நீங்களும் வாங்க!

அந்த ஷூ போட்ட சாரும் தாராளமா வரலாம். உள்ள நண்டு இருக்காது.