நல்ல நேரத்தில் வெளிக்கிட்ட பெட்டி

"தாது வருஷம், ஆவணி, வியாழக்கிழமை. அக்கா மெயிலில் பயணம். பெட்டி யாழ்ப்பாணத்தில் கொடுத்தது." அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் நான் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. திகதி இருந்த இடத்தைக் கறையான் தின்றுவிட்டது. ஆங்கில ஆண்டு 1936 என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்போது சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களுக்காக மூன்று வண்டிகள் போட்டியிட்டன. ஒன்று கோச்சி, அதாவது ரயில். மற்ற இரண்டும் காங்கேசன்துறை வீதியில் ஓடிய இரண்டு முதலாளிமாரின் பஸ்கள். ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. கோச்சி வருவதற்குச் சற்று முன் இரண்டும் ஸ்டேஷன் வாசலுக்கே வந்து ஆள் பிடிக்கும். "கோச்சி இன்னும் தண்ணி குடிச்சு முடியேல்லை, ஏறுங்கோ" என்று கொண்டக்டர்மார் கூப்பிடுவார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வாசல்வரை வந்து, சட்டைப்பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போவார். பஸ்ஸில் போகிறவர்களோடு அவர் கதைப்பதில்லை. சிவப்பும் பச்சையும் ஒன்றுக்கொன்று வழிவிடுவதில்லை. ஒன்றின் ஆட்களை மற்றது ஏற்றுவதுமில்லை. ஊரும் அப்படியே பிரிந்திருந்தது. நாங்கள் பச்சை வீடு.

அத்தான் மலாயாவில் ரயில்வே கிளார்க். கலியாணம் முடித்த கையோடு திரும்பிப் போனவர். பிள்ளை பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டது; தகப்பன் இன்னும் பார்க்கவில்லை. அக்காவுக்கும் பிள்ளைக்கும் அவர் கப்பலில் இடம் எடுத்துச் சீட்டு அனுப்பியிருந்தார். கப்பல் கொழும்பிலிருந்து சனிக்கிழமை. அது தவறினால் அடுத்த இடம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

வியாழன் பின்னேரம் பயணத்துக்கு ஆகாது என்றார் சாத்திரியார். கொழும்புக்குப் போகும் மெயில் கோச்சியில் இடம் எடுத்திருந்ததோ வியாழன் பின்னேரம்தான். இதற்கு எங்கள் வீடுகளில் ஒரு வழி உண்டு. நல்ல நேரத்தில் பயணச் சாமான் ஒன்றைப் வாசல் படலைக்கு வெளியே எடுத்து அயல்வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. ஆள் பிறகு எப்போது புறப்பட்டாலும் குற்றமில்லை. வெளியே போன சாமான் மட்டும் திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாது. அம்மா எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்லர். கூறைச்சேலையும் கப்பல் சீட்டும் இருந்த சின்னத் தகரப்பெட்டியையே எடுத்துக் கொடுத்தார். புதன்கிழமை முற்பகல் அது அடுத்த வீட்டு மாமியிடம் போயிற்று.

மறுநாள் மாமி வீட்டார் எல்லாரும் வழியனுப்ப எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். மாமி பெட்டியைக் கொண்டுவந்திருப்பார் என்று ஐயா, எங்கள் தகப்பனார், நினைத்தார். ஐயா போய் எடுத்திருப்பார் என்று மாமி நினைத்தார். வீட்டுக்குள் இல்லாத பெட்டி யார் கண்ணிலும் படவில்லை.

சுன்னாகம் ஸ்டேஷனில் மெயில் வந்து நின்றது. கொழும்புவரை துணைக்குப் போன அம்மான் ஏறினார், அக்கா ஏறினார், பிள்ளையை யன்னலால் கொடுத்தோம். அப்போதுதான் அக்காவின் முகம் மாறியது. பெட்டி எங்கே என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"இறங்கு பிள்ளை," என்றார் ஐயா. "அடுத்த கப்பலிலை பாப்பம்."

"நான் இறங்கமாட்டன் ஐயா."

அக்கா ஐயாவை மறுத்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, யாழ்ப்பாணத்திலை மெயில் கொஞ்ச நேரம் நிண்டு சுணங்கித்தானே வெளிக்கிடும்."

ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். வண்டி புறப்பட்டது.

சைக்கிளில் மாமி வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு சந்திக்கு வந்தேன். பச்சை பஸ் நின்றது. விஷயம் கேட்ட டிறைவர் ஆட்கள் நிறையுமுன்பே எடுத்தார். கொக்குவிலுக்கு வருமுன் ரேடியேற்றர் கொதித்து, பஸ் ஆவி விட்டுக்கொண்டு வேலியோரம் நின்றுவிட்டது. பின்னால் சிவப்பு பஸ் வந்தது. எங்கள் கொண்டக்டர் நடுவீதியில் இறங்கி இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

சிவப்பு டிறைவர் தலையை வெளியே நீட்டினார். "என்ன காணும், அடுப்பு மூட்டியிருக்கிறியள்? தேத்தண்ணி கிடைக்குமோ?"

"பகிடி பிறகு. இந்தத் தம்பியின்ரை அக்கா கைப்பிள்ளையோடை மலாயாவுக்குப் போறா. மெயிலிலை இருக்கிறா. கப்பல் சீட்டு இந்தப் பெட்டிக்குள்ளை."

"அப்ப பச்சையாலை ஏலாதெண்டு உன்ரை வாயாலை சொல்லு."

கொண்டக்டர் வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏலாது. ஏத்திக்கொண்டு போ."

அதைக் கேட்டதும் சிவப்பு டிறைவருக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையிலிருந்த பெட்டியைத் தானே வாங்கித் தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தார். பெரிய கடைச் சந்தைக்குப் போகவேண்டிய பஸ்ஸை வழியில் எங்கும் நிறுத்தாமல் ஸ்டேஷன் வாசலுக்கே விட்டார். உள்ளே முணுமுணுத்த ஒருவரிடம், வேண்டுமானால் இறங்கி நடக்கலாம் என்றார்.

மெயில் நின்றுகொண்டிருந்தது. ஸ்டேஷன் மணிக்கூட்டின்படி அது போயிருக்கவேண்டிய நேரம் கடந்துவிட்டது. அக்கா கதவடியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பெட்டியை வாங்கிக் காலடியில் வைத்தார், திறந்து பார்க்கவில்லை. மற்றக் கையால் என் நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"மத்தியானமும் நீ சாப்பிடேல்லை," என்று கட்டுச்சோற்றுப் பொதிகளில் ஒன்றை என் கையில் வைத்தார். கார்ட் கொடியைக் காட்டினார்.

சில மாதங்களுக்குப் பின் அத்தானின் கடிதம் வந்தது. பிள்ளை முதலில் தன்னைக் கண்டு அழுததாம், இப்போது வேலைக்குப் போக விடுவதில்லையாம். அம்மா அதை என்னைக்கொண்டு பலமுறை வாசிப்பித்தார்.

மெயில் ஏன் நின்றது என்பதை நான் விசாரித்தேன். இஞ்சின் தண்ணீர் பிடிக்கச் சுணங்கியது என்றார் யாழ்ப்பாணத்துப் போர்ட்டர் ஒருவர். எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்குத் தந்தி அடித்தார் என்று ஐயா கடைசிவரை நம்பினார். நான் நேரில் கேட்டபோது, "கோச்சி ஒருத்தருக்காகவும் நிக்கிறேல்லைத் தம்பி, அது பஸ்காரரின்ரை பழக்கம்," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் உள்ளே போனார். ஐயா சொன்னதற்கும் போர்ட்டர் சொன்னதற்கும் வேறு சான்று எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டில் எது உண்மை என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.