சடையங்குப்பத்தில் முப்பது கிராம் உப்பு

போன ஞாயிற்றுக்கிழமை சடையங்குப்பம் போனேன். என்னோடு வேலை பார்க்கும் செல்வியின் வீட்டுப் பின்னால், ஒரு லாரி நிற்கிற அளவு மண்ணில் கம்பு முளைத்ததா என்று பார்க்க.

வெள்ளம் வடிந்ததிலிருந்து அந்த மண்ணில் உப்பு பூத்துக் கிடக்கிறது. முதலில் விதைத்தது முளைக்கவேயில்லை. உப்புத் தண்ணீரில் விதையை ஊறவைத்து, காயவைத்து விதைக்கச் சொன்ன விஞ்ஞானி நான்தான். அளவு சொல்ல மறந்துவிட்டேன். செல்வி பிறந்ததோ கருவாடு போடுகிற வீட்டில். கை கையாக அள்ளிப் போட்டு, விதையையும் கருவாடாக்கிவிட்டாள்.

மிச்சம் இரண்டு கைப்பிடி விதைதான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முளைக்காவிட்டால் இடத்தை லாரி நிறுத்த விடப்போவதாக அவள் கணவர் மணி சொல்லிவிட்டார்.

காலை 7.10-க்குச் சென்னைக் கடற்கரை நிலையத்தில் ரயில், ஐந்து ரூபாய். கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயிலுக்காக ஒன்பது நிமிடம் நிறுத்தினார்கள். திருவொற்றியூரிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது.

கதையைக் கேட்ட ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "உப்பு மண்ணுக்கு உப்புலயே ஊறவெச்ச வெதையா? இன்னா மேடம், பேஜாரா கீதே."

அவருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். லேசான உப்புத் தண்ணீரில் விதை மெதுவாக ஊறி, முளைக்கிற வேலையை உள்ளேயே ஆரம்பித்துவிடும். உப்பும் பழகிவிடும். பிறகு மண்ணில் போட்டால் சீக்கிரம் எழுந்துவிடும். இந்த முறை நான் அளவு சொல்லிவிட்டதால், செல்வி மளிகைக் கடையில் முப்பது கிராம் உப்பு கேட்டிருக்கிறாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே சும்மா நிறுத்துக் கொடுத்தாராம்.

எட்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். செல்வி கையைப் பிடித்து இழுத்துப் போனாள். விதைத்து ஐந்தாவது நாள். வெள்ளை பூத்த மண்ணில் வரிசையாகப் பச்சை ஊசிகள். நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தோம். நூறைத் தாண்டியதும் சந்தோஷத்தில் கணக்குத் தவறிவிட்டது.

அப்போது பார்த்து, மணி சொல்லி வைத்திருந்த லாரி ரிவர்ஸிலேயே உள்ளே வந்தது. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, பின் சக்கரத்துக்கு எதிரே நின்றார்.

"நிறுத்து நைனா. இங்க கம்பு கீது."

செல்வி அழுதாள். நானும்தான்.

செய்து பார்ப்பவர்களுக்கு: கம்பு விதைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் முப்பது கிராம் உப்பு, பதினாறு மணி நேரம் ஊறல், ஐந்து மணி நேரம் நிழலில் உலர்த்தல். கையளவு வேண்டாம், நிறுத்துப் போடுங்கள். நேரில் பார்க்கப் போகிறவர்கள் வண்டியைப் பெரிய ரோட்டிலேயே விட்டுவிட்டு நடங்கள். மணி உள்ளே விடமாட்டார்.