ரப்பரில் ஒட்டிய தேவைக் கோடு

எங்கள் கல்லூரியில் பொருளாதாரப் பாடக்குறிப்புகள் பரம்பரைச் சொத்து. ஓய்வுபெற்ற ஒருவர் கையால் எழுதியதை அடுத்தவர் ஜெராக்ஸ் எடுத்தார். அந்த ஜெராக்ஸை நான் ஸ்கேன் செய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இதை டிஜிட்டல் கல்வி என்று ஒரு கருத்தரங்கில் சொல்லிச் சால்வைகூட வாங்கியிருக்கிறேன்.

இரண்டாமாண்டில் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருந்தாள். எழுத்தை வாசித்துச் சொல்லும் வசதி அவள் போனில் உண்டு. என் குறிப்பைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். "படம்," என்றது போன். பக்கத்தைத் தள்ளினாள். "படம்."

"கடைசி வரைக்கும் இதேதானுங்க சார் சொல்லுது. சினிமா எதுனா அனுப்பிட்டீங்களோன்னு நெனச்சேன்."

அந்தத் தாளில் அவளுக்கு ஏற்கெனவே அரியர். சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. அவளைப் படிக்க வைக்கவே அப்பா ஓசூரில் ஒற்றை அறை பிடித்து, ரப்பர் கேஸ்கெட் வெட்டும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் கூலியாக இருந்தார். இந்த முறையும் தேறாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

குறிப்புகளை நானே இரண்டு விரலால் தட்டச்சு செய்தேன். "மேற்கண்ட படத்திலிருந்து தெளிவாகத் தெரிவது" என்பதையும் விசுவாசமாக அடித்து அனுப்பினேன்.

"தெளிவா என்னங்க சார் தெரியுது?" என்று கேட்டாள்.

காற்றில் கோடு போட்டு விளக்க ஆரம்பித்து, பாதியில் கையை இறக்கினேன். அவளைக் கூட்டிப்போக வந்திருந்த அப்பா இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் கம்பெனி வாசலில் கொட்டிக் கிடந்த ரப்பர் கழிவில் மெல்லிய பட்டைகளாகப் பொறுக்கி வந்தார். அவற்றைத் தேவைக் கோடும் அளிப்புக் கோடுமாக அட்டையில் வளைத்து ஒட்டினோம். அவள் விரலை ஓட்டினாள்.

"இது எறங்குது, இது ஏறுது, ரெண்டும் இடிச்சிக்கிற எடந்தான் சமநிலையா? இதுக்காங்க சார் இத்தினி பக்கம்?"

முதல்வர் அட்டைகளைப் பார்த்துப் பூரித்துப்போனார். ஆய்வுக்குழு வரும்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்றார். தொட்டுப் பார்ப்பதற்காகச் செய்தவை என்றேன். அப்படியானால் பூட்டு வேண்டாம் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

அடுத்தது செலவுக் கோடுகள். ஒரே படத்தில் நாலைந்து கோடுகள் பின்னிக்கொள்ளும் பாடம். இன்னும் மெல்லிய பட்டை வேண்டும். அது இயந்திரத்தடியில்தான் விழும். அப்பா அதைப் பொறுக்கிக் காலி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டார். கேன்டீனில் கொடுக்கும் வடையை மகளுக்கென்று அதில்தான் எடுத்துவருவார், அந்தப் பழக்கம். வாசல் சோதனையில் பிடித்தார்கள். கையில் பிடித்து வந்திருந்தால் குப்பை. டிபன் பாக்ஸில் இருந்ததால் திருட்டு.

இஸ்திரி போட்ட சட்டையோடும், அதே அளவு விறைப்பான ஆங்கிலத்தோடும் நான் கம்பெனிக்குப் பரிந்து பேசப் போனேன். "ஆகல்ல சார். ஸ்கிராப்புக்கூ கேட் பாஸ் பேக்கு," என்று, கழிவுக்கும் வாசல் சீட்டு வேண்டும் என்பதைக் கன்னடத்தில் சொல்லி முடித்துவிட்டார் காவலாளி. உள்ளிருந்த அதிகாரி எனக்கு டீ கொடுத்தார். அந்த ஆள் காண்ட்ராக்ட், ஏற்கெனவே தங்கள் ஆள் இல்லை, இனி வர வேண்டாம் என்றார்.

வெளியே அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சொல்லிட்டு எடுத்திருக்கலாமே," என்றேன், அறிஞனாக.

"குப்பைய யார்கிட்டங்க சார் கேப்பாங்க?"

அறையைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டார்கள். தேர்வுக்கு முன்பு அவளுக்குப் போன் செய்தேன்.

"அப்பா காட்டுல களையெடுக்கப் போறாருங்க சார். என்னைக் கூட்டியாந்தா அன்னிக்குக் கூலி போச்சு. அதுவுமில்லாம அந்தச் செலவுப் பாடம் வெறும் பேச்சுல புரியலீங்க சார்."

"பாஸ் மார்க் போதும், வந்துடும்மா."

"பாக்கறேங்க சார்," என்றாள்.

தேர்வன்று தனியறையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தோம். அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு முதலாண்டுத் தமிழ்த்துறை மாணவி ஒருத்தி வந்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலி காலியாக இருக்கும்போதே, இனி யாரையும் உள்ளே விடக்கூடாது என்பதற்கான மணி அடித்தது. மூடிய வினாத்தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"நான் கெளம்பட்டுங்களா சார்?" என்றாள் எழுத வந்த பெண். கதவு வரை போய் நின்றாள். "எனக்கு இன்னிக்கு அட்டெண்டன்ஸ் உண்டுங்களா?"

உண்டு என்றேன்.