வள்ளி எடுத்த மாவிளக்கு

எங்கள் மகள் வள்ளிக்குப் பத்து வயதில் நீரிழிவு கண்டது. தினமும் ஊசி போட வேண்டும், இனிப்பைத் தொடக்கூடாது என்றார் சேலத்து டாக்டர். ஊசி என்றாலே அவள் கதவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்வாள்.

அந்த ஆடியில் மாரியம்மன் மாவிளக்குக்காக நான் அரிசி மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்தபோது, அவள் எட்டவே நின்றாள்.

"மாவெளக்குத் தட்டு நீதான் எடுக்கோணும், சாமி" என்றேன் அவளிடம்.

என் நாத்தனார் சிரித்தாள். "திங்க முடியாத புள்ளைக்கு மாவிளக்கு எதுக்குங்க அண்ணி?"

வள்ளியின் முகம் சுருங்கியது. "ஏனுங்கம்மா, மாரியாத்தாளுக்கு எம்மேல கோவமா? அதுக்குத்தான் ஊசியா?"

மாவுக் கையைத் துடைத்துவிட்டு அவளை அருகில் இழுத்துக்கொண்டேன்.

"வெளக்கு ஆத்தா பாக்கறதுக்குக் கண்ணு, நாம திங்கறதுக்கா? ஊசி மருந்தும் அவ குடுத்ததுதான்."

வள்ளி தட்டை ஏந்திக் கோயிலுக்கு நடந்தாள். வீடு திரும்பியதும் அந்த மாவை அவளே உருட்டி எல்லோருக்கும் கொடுத்தாள். நாத்தனார் இன்னோர் உருண்டைக்குக் கை நீட்டினாள்.

"போதுங்க அத்தை, அப்பறம் உங்களுக்கும் ஊசி போடோணும்!"

நாத்தனாரே சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை, நான் கூப்பிடும் முன்பே வள்ளி ஊசிக்கு வந்து உட்கார்ந்தாள்.

நோய் தீர வேண்டும் என்றுதான் அன்று வேண்டிக்கொண்டேன். தீர்ந்தது மகளின் பயம். எதை முதலில் தீர்க்க வேண்டும் என்று அம்மனுக்குத் தெரிந்திருக்கிறது.