ஐவி அக்கா ஊற்றிய மெழுகுவர்த்தி

என் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் அது. மாதத்தின் முதல் வெள்ளி, சாமியார் நற்கருணை கொண்டு வருகிற நாள். எவ்வளவு கழுவி விட்டாலும் அறையில் நோய் வாடை போகவில்லை. பார்க்க வருகிறவர்கள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். சாமியார் என்ன நினைப்பாரோ என்று அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பார்க்கிறேன், ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடி டம்ளர். அதில் மெழுகுவர்த்தி எரிகிறது. அறையெல்லாம் மல்லிகை வாசம்.

பக்கத்து வீட்டு ஐவி அக்காதான் வெளியிலிருந்து கையை நீட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்புறம் கேட்டதற்கு, "காத்துல பறந்து வந்திருக்கும் நிம்மி" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டார்.

என்.ஆர். மொஹல்லா என்கிற பேட்டையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அக்கா ஆஸ்பத்திரி ஒன்றில் துணி மடிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்காரர் கார்ல் அண்ணன் ஊதுபத்தி கம்பெனியில் இருந்தார். சாயங்காலம் அவர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே வாசனை முன்னால் வந்துவிடும். ஒரே மகன் ரயான் ஆஸ்திரேலியாவில்.

கார்ல் அண்ணன் திடீரென்று போய்விட்டார். முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் சொந்தக்காரர்கள் நல்ல மனசோடு வந்து, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, பினாயில் விட்டுக் கழுவி, அண்ணன் துணிகளையெல்லாம் துவைத்து முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பூசை முடிந்து எல்லோரும் பஸ் ஏறிய பிறகு அக்கா வீட்டுக்குள் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, வேறு யார் வீட்டுக்குள்ளோ போன மாதிரி இருக்கிறது என்றார்.

அண்ணன் வாசனையைத் திரும்பக் கொண்டுவர ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தார். அது புகை வாசம். அண்ணன் மேல் இருந்தது கொளுத்தாத பச்சை வாசம். பத்திக் கட்டைப் பிரித்து வைத்தால் அது வீடு நிறையவில்லை. மெழுகுவர்த்தியில் வாசனை சேர்த்தால் கொளுத்தாமலே மணக்கும் என்று போனில் யாரோ காட்டியதைப் பார்த்துவிட்டு, சிக்பேட்டைக் கடைத்தெருவுக்கு யாரையோ அனுப்பி மெழுகும் திரியும் வரவழைத்தார்.

முதலில் பழகிப் பார்க்க மல்லிகை எண்ணெய். மெழுகு அடுப்பில் கொதிக்கும்போதே ஊற்றிவிட்டார். தெருவே மணத்தது, மெழுகுவர்த்தியில் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் பிடிபட்டது. பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகை உருக்க வேண்டும். இறக்கிச் சூடு தணிந்த பிறகுதான் எண்ணெய் விட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் திரி படபடவென்று வெடிக்கும். ஆறும்போது நடுவில் குழி விழும், அதற்குக் கொஞ்சம் மெழுகை மீதி வைத்துக்கொள்ள வேண்டும். என் ஜன்னலுக்கு வந்தது அப்படிப் பழகினதில் நன்றாக அமைந்த முதல் மெழுகுவர்த்தி.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வந்தால் ரயானிடமிருந்து போன் வரும். தனியாக இருக்காதே, வந்துவிடு என்பான். அக்கா ஒரே பதில்தான் சொல்வார்: வீட்டில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

அந்த வேலை சரிப்படவே இல்லை. ஊதுபத்தி உருட்டுகிற மசாலாப் பொடியை வாங்கி மெழுகில் கலந்தார். பொடி அடியில் தங்கிவிட்டது. மேலே நின்றது திரியை அடைத்துக்கொண்டு, தீ மூச்சு முட்டின மாதிரி அணைந்தது. சலித்துப் போட்டார், அரைத்துப் போட்டார். டம்ளர் டம்ளராய்ச் சேறு மாதிரி நின்றது.

ஒருநாள் அண்ணனோடு வேலை செய்த கெம்பையன் பார்க்க வந்தார். ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். டம்ளர்களைப் பார்த்தவர் சிரித்தேவிட்டார்.

"ஏனுங்க அக்கா, கார்ல் அண்ணன் எங்கீங்க மசாலா உருட்டினாரு? பொம்பளைங்க உருட்டிக் காயவெச்ச பத்தியை வாசனை எண்ணெயில முக்கி எடுக்கிறதுதானே அவரு வேலை. கையெல்லாம் எண்ணெயா இருக்கும்."

அக்கா சிரிக்கவில்லை. "உருட்டுறார்னே நெனச்சிட்டிருந்தேன், கெம்பையா. நான் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல" என்றார்.

அடுத்த வாரம் கெம்பையன் அந்த எண்ணெயில் ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா ஜெபம் சொல்லிவிட்டு ஊற்றினார். வாசனை மெழுகில் ஊறட்டும் என்று மூடிபோட்டு அலமாரியில் வைத்தார். ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, என் கையாலேயே மூடியைத் திறக்கச் சொன்னார்.

திறந்தேன். தெருமுனையில் சைக்கிள் திரும்பின மாதிரி இருந்தது. அதேதான் என்று தலையை ஆட்டினேன்.

அக்கா டம்ளரை வாங்கி முகத்தருகே வைத்துக்கொண்டார். அப்புறம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வாசனை சரியாத்தான் வந்திருக்கு, நிம்மி. இனி என்ன பண்றது?"

காபி போட்டுக் கொண்டுவந்தேன். அக்கா அதைத் தொடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ரயான் கேட்டபோது, வேலை முடிந்துவிட்டது, டிக்கெட் போட்டுவிடு என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்திரேலியாவிலேயே, சென்ற தவக்காலத்தில், ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார். அங்கேதான் அடக்கம் செய்தார்கள். கார்ல் அண்ணன் கல்லறையில் இங்கே அக்காவுக்கென்று விட்ட பக்கம் காலியாகவே இருக்கிறது. வருகிற கல்லறைத் திருநாளுக்கு நான்தான் போய் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும்.

அக்கா ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பின அன்று டாக்சி வாசலில் நின்றது. பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. அக்கா வீட்டைப் பூட்டிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, என் நெற்றியில் சிலுவை போட்டார்.

"வாரத்துக்கு ஒருதரம் உள்ள போய்ப் பெருக்கிடு, நிம்மி. மேஜை மேல அந்த மெழுகுவர்த்திய மூடி திறந்து வெச்சிருக்கேன், ஏத்திடாத. ஜன்னலையும் திறக்காத. உனக்கு யாரும் இல்லாத மாதிரி இருந்தா, அங்க போய்க் கொஞ்ச நேரம் உட்காரு."