பிரேக் மாஸ்டரின் ரியர் செட்

பள்ளியில் அவருக்கு வைத்திருந்த பெயர் பிரேக் மாஸ்டர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் கார்களில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கமும் கால்மாட்டில் ஒரு பிரேக் இருக்கும். மற்ற மாஸ்டர்கள் ஆபத்து வந்தால் அதை மிதிப்பார்கள். இவர் ஆபத்து வந்துவிடுமோ என்று மிதிப்பார். முன்னால் ஒரு காகிதப் பை பறந்தால் மிதிப்பார். எதிரே வரும் லாரி அதன்பாட்டுக்கு அதன் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாலும் மிதிப்பார். இவரிடம் கற்றவர்கள், தேர்வு நாளில் பக்கத்தில் வேறு ஆள் உட்கார்ந்ததும், கார் இவ்வளவு வேகமாகக்கூட ஓடுமா என்று பயந்துபோனதாக ஒரு பேச்சு உண்டு. சொந்த மகளே வேறு பள்ளிக்குப் போய்த்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

இப்பேர்ப்பட்ட மனிதர், ஐம்பதை எட்டப்போகிற வயதில், பந்தய ரக பைக் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். யாரோ ஓட்டிச் சலித்த வண்டிதான். ஆனாலும் இதோ பாயப்போகிறேன் என்கிற மாதிரி குனிந்து நின்றது. வாங்கிய நாளிலிருந்து அது பாயவே இல்லை. ஒருநாள் சைக்கிளில் போன தபால்காரர் அவரை முந்திவிட்டு, "வண்டி ஏதும் ரிப்பேரா சார்?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டாருடா உங்க மாமா" என்று மனைவி தன் தம்பியிடம் சொன்னாள். சொன்னாளே தவிர, தினமும் அந்த வண்டியில்தான் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனாள். நடந்தால் சீக்கிரம் போகலாம் என்று தெரிந்தும் உட்கார்ந்தாள். புருஷன் கூப்பிடும்போது எப்படி மறுப்பது?

அவளுக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. பல்லில்லாத வாய்களின் அச்சை முன்னால் வைத்துக்கொண்டு மெழுகில் ஒவ்வொரு பல்லாக ஊன்றுவாள். கூடத்துக்காரம்மா அடுத்த ஊரில் புதிதாக ஒன்று தொடங்குகிறாள். அதை நீயே பொறுப்பெடுத்து நடத்து என்று இவளிடம் கேட்டு இரண்டு மாதமாகிறது. வார நாட்களில் அங்கே தங்க வேண்டும், வாரக் கடைசியில் வீட்டுக்கு வரலாம். அவளுக்கு ஆசை. எந்த மேசையை எந்த ஜன்னலோரம் போடலாம், மெழுகு உருக்கும் அடுப்பை எங்கே வைக்கலாம் என்று சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் யோசித்துக்கொண்டே இருக்கிற அளவு ஆசை.

புருஷனிடம் சொன்னாள். "பாக்கலாம்" என்றார். மறுபடியும் சொன்னாள். "என்ன அவசரம்? பாக்கலாம்" என்றார். அவர் பார்க்கிற லட்சணம் அவளுக்குத் தெரியாதா? முன்பு அவள் சொந்தமாகச் சின்னதாக ஒரு கூடம் போட நினைத்தபோதும் பார்த்தார். மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போக நினைத்தபோதும் பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் இரண்டும் ஆறி அவலாகிவிட்டன. ஒரு நாளும் 'வேண்டாம்' என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். கேட்காமல் கிளம்பிப் போகவும் மனம் வரவில்லை. அந்த மனிதர் வாயிலிருந்து ஒரே ஒரு 'சரி' வந்துவிட்டால் நிம்மதியாகப் போகலாம் என்று காத்திருந்தாள். கல்லில் நார் உரிக்கப் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று கூடத்துக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, பிரேக் மாஸ்டர் ரியர் செட் மாட்ட உட்கார்ந்தார். மாட்டி முடித்தால் மனிதர் சந்தோஷமாக இருப்பார், அந்தச் சூட்டோடு கேட்டு வாங்கிவிடலாம் என்று அவளும் பக்கத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க உட்கார்ந்தாள்.

ரியர் செட் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஓட்டுகிறவர் கால் வைக்கும் கட்டைகளையும் பிரேக், கியர் லிவர்களையும் கழற்றிவிட்டு, அவற்றை இன்னும் மேலேயும் பின்னாலேயும் ஏற்றிவைக்கும் அலுமினிய ஜோடி. வளைவில் வண்டியைப் படுக்கப் போடும்போது கட்டை தரையில் உரசக்கூடாது என்று பந்தயக்காரர்கள் மாட்டுவது. நம் ஆள் வளைவில் படுக்கப் போடுவதாவது! வளைவு வந்தால் இறங்கித் தள்ளாமல் இருக்கிறாரே, அதற்கே கும்பிட வேண்டும்.

வண்டி நிறுத்தும் கீழ்த்தளத்தில் பழைய போர்வையை விரித்து எல்லாவற்றையும் பரப்பியிருந்தார். பெட்டிக்குள் பளபளவென்று கட்டைகள், லிவர்கள், ஒரு கைப்பிடி போல்ட்டுகள். எதை எங்கே மாட்டுவது என்று ஒரு துண்டுப் படம்கூட இல்லை. கடைசல் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி உதவிக்கு வந்திருந்தான். துருவேறிய பழைய போல்ட்டுகளை அவன்தான் எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டிக் கழற்றினான். மாமா பக்கத்தில் நின்று, "மெதுவாடா, மெதுவா" என்று ஓதிக்கொண்டிருந்தார்.

கழற்றிய குவியலில் பின்னால் உட்காருகிறவருக்கான கால்கட்டைகளும் கிடந்தன. இந்த ஜோடியை மாட்டினால் அவற்றுக்கு இடமில்லையாம்.

"அப்ப நான் எங்கங்க கால வைக்கிறது?" என்று கேட்டாள்.

"அத அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டி முடிக்கிற வரை வாயைக் கட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பதினொன்றாம் நம்பர் ஸ்பானரைத் துடைத்தாள்.

கியர் பக்கம் சுலபமாக முடிந்தது. பிரேக் பக்கம் வந்தபோதுதான் மாமாவுக்கும் மச்சானுக்கும் முட்டிக்கொண்டது. புதிய லிவரை எவ்வளவு உயரத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். தம்பி அதைக் கால்கட்டையைவிடக் கொஞ்சம் தாழ்வாக வைத்தான். இவர் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் தூக்குடா."

"வேணாம் மாமா. இதுக்கு மேல தூக்கினா உங்க கால் சும்மாவே அது மேல உக்காந்துக்கும்."

"உக்காரட்டுமே. பிரேக்குன்னா காலுக்கு அடியிலயே இருக்கணும். தேடிப்போய் மிதிக்கிறதெல்லாம் ஒரு பிரேக்கா? எத்தன வருஷமா இதச் சொல்லிக் குடுக்கிறேன், எனக்கே பாடம் எடுக்கிறியா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா கூரையைப் பார்த்தாள். லிவர் மேலே ஏறியது. பின் சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கிவைத்துக் கையால் சுழற்றிப் பார்த்தார்கள். தங்குதடையில்லாமல் சுற்றியது. லிவரை அழுத்தினால் நின்றது, விட்டால் மறுபடி சுற்றியது. "பாத்தியா?" என்று பிரேக் மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

சோதனை ஓட்டத்துக்கு ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பினார். கால்கள் பின்னுக்குப் போனதால் உடம்பு முன்னால் மடங்கி, பெட்ரோல் தொட்டி மேல் தொப்பை உட்கார்ந்திருந்தது. அக்காவும் தம்பியும் தெருவில் இறங்கி நின்று பார்த்தார்கள். இத்தனை நாள் பின்னால் உட்கார்ந்தே போனவள், அவர் வண்டி ஓட்டிப் போவதைப் பின்னாலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வண்டி நகர்ந்தது. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. புறப்படும்போது எரியும் போலிருக்கிறது என்று நினைத்தாள். பல்பொருள் கடையைத் தாண்டியும் எரிந்தது. தெரு காலியாகக் கிடந்தது, குறுக்கே ஒரு பூனைகூட இல்லை, எரிந்தது. தெருமுனையில் திரும்பி மறைகிற வரைக்கும் அந்தச் சிவப்பு ஒரு கணம்கூட அணையவில்லை.

"ஏண்டா, பிரேக்க மிதிச்சாத்தான அந்த லைட்டு எரியும்?"

"ஆமாக்கா."

"அப்ப மிதிச்சுக்கிட்டேவா போறாரு?"

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினான்.

திரும்பி வந்தவர் முகம் சுண்டியிருந்தது. வண்டி இழுக்கவே இல்லையாம். பெட்ரோலில் கலப்படமாம். செயின் இறுக்கமாம். ரியர் செட் செய்தவனுக்கு அளவு தெரியவில்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தோடு நிறுத்தினாள்.

"லைட்டு அணையவே இல்லீங்க. நீங்க பிரேக்க மிதிச்சுக்கிட்டே போறீங்க" என்றாள்.

"நானா? பல்லு கட்டுறவளுக்கு பைக்கப் பத்தி என்ன தெரியும்? அது ஸ்விட்ச் கோளாறு."

சொன்னதோடு விட்டாரா? வண்டியிலிருந்து இறங்காமலே குனிந்து, லிவருக்குப் பின்னால் இருந்த சின்ன ஸ்விட்சின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். விளக்கு அணைந்தது. கோளாறு தீர்ந்தது! காய்ச்சல் அடிக்கிறதே என்றால் தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம்.

"மாமா, பின்னால வர்றவனுக்கு நீங்க நிக்கிறது எப்படித் தெரியும்?" என்று தம்பி பதறினான்.

"எனக்குத் தெரியுதுல்ல, போதும்" என்று சொல்லிவிட்டு, புறவழிச்சாலைக்குப் போய் வண்டியை நீட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பிப் போனார். சொன்ன பேச்சு கேட்காத மனிதரோடு ஞாயிற்றுக்கிழமையை வீணடிக்க முடியாது என்று தம்பியும் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. "ஒண்ணும் பதட்டப்படாத. பைபாஸ்ல கிடங்கு வரிசை இருக்குல்ல, அங்க வா" என்றார். குரல் கம்மியிருந்தது. விழுந்துவிட்டாரோ என்று, செருப்பை மாற்றிப் போட்டதுகூடத் தெரியாமல் ஓடினாள்.

விழவில்லை. சாலையோரத்தில் பைக் நின்றது, அதற்கு அந்தப் பக்கம் இவர் நின்றார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பின் சக்கரத்தின் பிரேக் தகடு நீலம் பாரித்து, எண்ணெய் கருகிய நாற்றம் அடித்தது. முன்னாலும் தள்ள முடியவில்லை, பின்னாலும் தள்ள முடியவில்லை. காலின் பாரத்திலேயே சூடேறிச் சூடேறி, பிரேக் சக்கரத்தைக் கவ்விக்கொண்டுவிட்டது. ஆறினால்தான் விடும்.

கையும் காலும் முழுசாக இருக்கிறதைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. வந்த உயிரோடு கோபமும் சேர்ந்து வந்தது.

"மிதிச்சுக்கிட்டே போறீங்கன்னு சொன்னேன்ல? இப்ப என்ன சொல்றீங்க?"

"சத்தியமா நான் மிதிக்கலம்மா." ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வேர்த்து, திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தது. "மிதிச்சா எனக்குத் தெரியாதா? நான் நல்லா வேகமாப் போறதாத்தான் நெனச்சேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தினாள். அவர் பொய் சொல்லவில்லை. இந்த மனிதருக்குப் பொய் சொன்னால் காது சிவக்கும், காது சிவக்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. கூடம் போட நினைத்தபோதும், மகள் பெட்டியை எடுத்து வைத்தபோதும், இந்த இரண்டு மாதமும், தன்னை வேண்டுமென்றே தடுக்கிறார் என்று நினைத்து எத்தனை இரவு மனதுக்குள் இவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள்! இவரோ நாம் வேகமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே அழுகை வந்தது. தெரிந்து செய்தவனிடம் கெஞ்சலாம். தெரியாமலே செய்பவரிடம் எதற்காகக் காத்திருப்பது?

சாலையோரக் கல்லில் அவளும் உட்கார்ந்தாள், அவரும் உட்கார்ந்தார். லாரிகள் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன.

"அந்தப் புதுக் கூடத்துக்கு நான் போறேங்க. கூடத்துக்காரம்மாகிட்ட சரின்னு சொல்லப்போறேன்."

"போலாம் போலாம், யாரு வேணாங்கிறா? மொதல்ல வண்டி ஆறட்டும், வீட்டுக்குப் போயி நிதானமா உக்காந்து..."

"கீழ பாருங்க" என்றாள்.

பார்த்தார். அவருடைய வலது கால், ஷூவின் முனையால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்திய வேகத்தில் சரளைக் கல் விலகி, மண்ணில் சின்னதாகக் குழி விழுந்திருந்தது. சட்டென்று காலைத் தூக்கினார். தூக்கியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தால் என்ன, அவள் போனை எடுத்துக் கூடத்துக்காரம்மாவின் எண்ணை அழுத்தினாள்.

அந்தப் பக்கம் "ஹலோ" என்றதுமே, அந்தரத்தில் நின்ற கால் இறங்கி மறுபடியும் தரையை மிதித்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தாமல் பேசினாள்.